சிங்கத்துக்கு அழுகிறவர்களே, மாட்டுக்காரன் பக்கமும் கொஞ்சம் திரும்புங்கள்

இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் அந்தப் பதிவுதான். 2023 மே மாதம் கென்யாவின் அம்போசெலி பக்கம் ஈட்டியால் கொல்லப்பட்ட லூன்கிட்டோ சிங்கத்தின் படம். கூடவே, "இந்தக் காட்டுமிராண்டிகளை விரட்டினால்தான் சிங்கம் பிழைக்கும்" என்று ஒரு தீர்ப்பு. கீழே வரிசையாக அழுகை முகங்கள்.

லூன்கிட்டோவுக்கு 19 வயது இருக்கும் என்றார்கள். காட்டில் ஓர் ஆண் சிங்கம் அந்த வயதைத் தொடுவது அபூர்வம். எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அத்தனை காலம் அது எங்கே வாழ்ந்தது? அம்போசெலி பூங்கா மொத்தமே 392 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் உள்ள, மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களின் மேய்ச்சல் நிலம் அதைப்போலப் பல மடங்கு. அவர்கள் இடம் விட்டதால்தான் சிங்கம் இருக்கிறது. அந்த இடத்துக்கான விலையை மாடாகவும் ஆடாகவும் கொடுப்பதும் அவர்கள்தான்.

அதே வாரத்தில் மொத்தம் பத்துச் சிங்கங்கள் கொல்லப்பட்டன. அவற்றில் ஆறு, 11 ஆடுகளையும் ஒரு நாயையும் கொன்றவை. பதிவில் ஆட்டைப் பற்றி ஒரு வரி உண்டா? தொடர்ந்து ஐந்து மழைப்பருவம் பொய்த்து, ஒருவழியாக மழை வந்த நேரம் அது. வறட்சியில் தள்ளாடிய வரிக்குதிரைகள் புல்லைக் கண்டு தெம்பாகிவிட்டால் சிங்கத்துக்கு வேட்டை சிரமம். பட்டியைத் தேடி வரும். மாட்டுக்காரனிடமோ வறட்சியில் செத்தது போக மிஞ்சியதுதான் நிற்கிறது.

"வேலியை ஒழுங்காகப் போட வேண்டியதுதானே?" போமா என்கிற அந்தப் பட்டி, முள்கிளைகளை வட்டமாக அடுக்கியது. சிங்கம் அதைத் தாண்ட வேண்டிய அவசியமே பல நேரம் இல்லை. வெளியே சுற்றி வந்தாலே போதும். வாடை பட்டு மாடுகள் மிரண்டு, தாங்களே வேலியை முட்டி உடைத்துக்கொண்டு இருட்டில் ஓடும். ஆக, வேலி முதலில் தாங்க வேண்டியது உள்ளிருந்து மோதும் மாட்டை. வடக்குத் தான்சானியாவில் கொம்மிஃபோரா மரக் கம்புகளை நெருக்கி நட்டு, கம்பிவலை கட்டுகிறார்கள். கம்பு வேர்பிடித்து மரமாகிவிடும். வருடாவருடம் முள் வெட்ட வேண்டாம். கோட்டை விடுவது வாசலில்தான். சுற்றி வலை கட்டிவிட்டு வாசலுக்குப் பழைய முள்கிளையை இழுத்து வைத்தால் அத்தனையும் வீண். அந்த வலையும் கதவும் காசு. யார் காசு?

அவர்களுக்கு அறிவில்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நைரோபி பூங்கா ஓரத்தில் அப்பாவின் மாடுகளைக் காத்த ரிச்சர்ட் டுரேரே என்ற மசாய்ச் சிறுவன், நெருப்பு மூட்டிப் பார்த்தான். சிங்கத்துக்குத்தான் வெளிச்சமானது. பொம்மை வைத்தான். மறுநாளே சிங்கம் கண்டுபிடித்துவிட்டது. டார்ச்சோடு ஆள் நடந்தால் மட்டும் அது நெருங்கவில்லை. பழைய கார் பேட்டரி, சோலார் தகடு, மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டர் பெட்டி, உடைந்த டார்ச்சின் பல்புகள்: பட்டியைச் சுற்றி மாறி மாறி மின்னவிட்டான். அப்போது வயது 11.

"சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்" என்பது அடுத்த முத்து. அம்போசெலி பக்கத்து ம்பிரிகானியில், சிங்கம் போன்ற விலங்குகள் கொன்ற மாடு ஆடுகளுக்காக 2003 முதல் நடக்கும் நஷ்டஈட்டுத் திட்டத்தில் சும்மா எதுவும் கிடைக்காது. ஆள் வந்து பிணத்தையும் தடத்தையும் பார்த்து எந்த விலங்கு என்று உறுதி செய்வார். பட்டி ஓட்டையா, மேய்ச்சலில் தொலைத்த மாடா, தொகை குறையும். யாராவது சிங்கத்தைக் கொன்றால் அபராதம். அந்தப் பகுதிக்கே பணம் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரனே காவல்காரன் ஆகிறான். திட்டம் குறையில்லாதது என்று சொல்லவில்லை. 2023இன் கொலைகள் அது இருக்கும்போதே நடந்தவைதானே.

2007 முதல் லயன் கார்டியன்ஸ் என்ற அமைப்பு, ஈட்டி பிடித்த மொரான் என்னும் மசாய் வீர இளைஞர்களையே சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. தடம் பார்த்து, சிங்கத்தின் கழுத்தில் மாட்டிய ரேடியோ பட்டையின் சமிக்ஞை கேட்டு, "இன்றைக்கு அந்தப் பக்கம் ஓட்டாதே" என்று மேய்ப்பவர்களுக்குச் சொல்வது, தொலைந்த மாட்டை இருட்டுவதற்குள் மீட்பது, பட்டி ஓட்டையை அடைப்பது எல்லாம் அவர்கள் வேலை. நீங்கள் விரட்டச் சொல்வது இவர்களைத்தான்.

விரட்டாமலா இருந்தார்கள்? தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து 1959இல் மசாய்களை விரட்டினார்கள். அதே நாட்டின் லோலியொண்டோவில் 2022இல் அவர்கள் மேய்ச்சல் நிலம் 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட்டார்கள். விரட்டினால் மிஞ்சுவது ஆத்திரம்தான். ஆத்திரக்காரனுக்கு ஈட்டி தேவையில்லை, செத்த மாட்டில் தடவிய பூச்சிமருந்து போதும். 2015 டிசம்பரில் கென்யாவின் மசாய் மாரா காப்பகத்து மார்ஷ் சிங்கக் கூட்டத்துக்கு நடந்தது அதுதான். ஈட்டி ஒரு சிங்கத்தோடு நிற்கும். விஷம் கழுதைப்புலி, பிணந்தின்னிக் கழுகு எதையும் விடாது.

பதிவு போட்டவரின் சஃபாரிப் படங்களையும் பார்த்தேன். அழகு. மாராவை ஒட்டிய நபோய்ஷோ போன்ற கன்சர்வன்சிகளில், அதாவது மசாய்கள் தங்கள் நிலத்தைக் காட்டுவிலங்குக்கும் சுற்றுலாவுக்கும் விட்டுக்கொடுத்த இடங்களில், நிலச் சொந்தக்காரர்களுக்கு மாதாமாதம் வாடகை உண்டு. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில், அதனால் பெண்கள் கைக்குப் போவது குறைவு, அது தனிச் சண்டை. 2020இல் கொரோனாவால் சுற்றுலாக்காரர்கள் வராதபோது அந்த வாடகையும் ஆட்டம் கண்டது. உங்கள் கூடாரக் கட்டணத்தில் நிலத்துக்காரருக்கு எவ்வளவு போனது என்று கேட்டீர்களா, சார்?

"அப்போ சிங்கத்தைக் கொல்வது சரியா?" என்று கிளம்பி வருபவர்களுக்கு: சரியில்லை, சட்டப்படியும் குற்றம். கம்பிவலைக்குப் பணம் அனுப்பிய ரசீதோடு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.