ஆப்ரிகாட் கொட்டை தின்னா கேன்சர் போகுமா? போகாதுங்க

நம்ம ஊட்டி, குன்னூர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துது, ஆப்ரிகாட் கொட்டைய உடைச்சு உள்ள இருக்கற பருப்ப தினம் பத்து தின்னா கேன்சர் போயிடும், அதுல வைட்டமின் பி17 இருக்குன்னு. சுத்தப் பொய். அப்படி ஒரு வைட்டமினே கிடையாது, அது அமிக்டலின்ங்கற வேதிப்பொருள், வயித்துக்குள்ள போய் உடைஞ்சா சயனைடு வரும், ஆமா அதே சயனைடுதான். 1982ல அமெரிக்கால 178 கேன்சர் நோயாளிங்களுக்கு இந்த அமிக்டலினக் குடுத்து டெஸ்ட் பண்ணி ரிசல்ட் போட்டாங்க, ஒருத்தருக்கும் குணமாகல, சிலருக்கு ரத்தத்துல சயனைடு ஏறினதுதான் மிச்சம். 2016ல ஐரோப்பிய உணவு பாதுகாப்பு ஆணையம் சொன்னது, பெரியவங்களே சின்ன ஆப்ரிகாட் பருப்பு மூணுக்கு மேல பச்சையா தின்னா ரிஸ்க், குட்டிப் புள்ளைங்களுக்கு ஒண்ணே ஜாஸ்தி.

பழத்து மேல பழி போடாதீங்க ப்ளீஸ். லடாக்ல விளையற காஞ்ச ஆப்ரிகாட் கெடச்சா ராத்திரி ஊறப்போட்டு காலைல அந்த தண்ணியோட சாப்பிட்டுப் பாருங்க, அடடா! பளிச்சுன்னு ஆரஞ்சா இருக்கறது கந்தகப் புகை காட்டினது, எனக்கு கருத்துச் சுருங்கினதுதான் இஷ்டம்.

அப்புறம், பீச், பிளம்ஸ் கொட்டைலயும் இதே அமிக்டலின் இருக்கு, புள்ளைங்க கல்ல வெச்சு உடைச்சா பாத்துக்கோங்க.