ஓட்டுநர் உபயத்தை இடையூறு என்று சொல்லாதீர்கள்

கடந்த ஒரு வாரமாக அந்த நாற்பது விநாடிக் காணொளியை எனக்கு அனுப்பாத நண்பர் இல்லை. நானும் பார்த்தேன், இரண்டாம் முறை பார்க்க மனம் வரவில்லை. நீலகிரியில் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில், ஓட்டுநர்கள் பொறுப்பேற்று நடத்தும் நாளான ஓட்டுநர் உபயத்தன்று, பேருந்து நிலையத்துக்கு மேலே உள்ள ஏற்றத்தில் அலங்கார லாரி நிற்கிறது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகப் பாதி உடலை வெளியே நீட்டி ஒரு காரைப் பார்த்துக் கத்துகிறார். அத்துடன் காட்சி முடிந்துவிடுகிறது. ‘சாமி பெயரைச் சொல்லிச் சாலையை மறிக்கும் லாரி ரௌடிகள்’ என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் நான் நின்றிருந்தேன். காணொளி தொடங்குவதற்குச் சற்று முன்பு நடந்ததை எழுத வேண்டியது என் கடமை. லாரிக்கும் ஓரத்துத் தடுப்புச் சுவருக்கும் இடையே மாவிளக்குத் தட்டு ஏந்திப் பிள்ளைகள் நடந்துகொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் அந்தக் கார் நுழையப் பார்த்தது, ஹாரனை விடாமல் அடித்தது. அதில் பயந்த ஒரு சிறுமி லாரியின் பின்சக்கரத்துக்குப் பின்னால் போய் ஒதுங்கினாள். ஏற்றத்தில் நிற்கும் லாரியை மறுபடியும் எடுக்கும்போது அது ஒரு சாண் அளவாவது பின்னால் வந்துதான் முன்னால் போகும் என்பது மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அந்த அண்ணன் இறங்கி ஓடவில்லை, ஏனென்றால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது. எனவே கத்தினார். ஒரு குழந்தைக்காகக் கத்திய மனிதரை நீங்கள் ரௌடி என்கிறீர்கள்.

காணொளியை எடுத்தவர் வெளியூர்க்காரர். அவருக்கு நம் வழக்கம் தெரியாது என்று விட்டுவிடலாம். என்னால் தாங்க முடியாதது விழாக் குழுவின் அறிக்கை. ‘பொதுமக்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், அடுத்த ஆண்டு முதல் ஊர்வலத்தில் லாரிகளுக்கு இடமில்லை, ஓட்டுநர்கள் பக்தர்களாகக் கலந்துகொள்ளலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். பக்தர்களாகக் கலந்துகொள்ளலாமாம். இத்தனை ஆண்டுகளாக அவர்கள் வேறு எதுவாகக் கலந்துகொண்டார்கள்?

நீலகிரியில் உபயம் என்றால் என்ன என்பதை இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சித்திரைத் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒரு சமூகமோ ஒரு தொழில் செய்வோரோ ஏற்று, அன்றைய அலங்காரம், ஊர்வலம், அன்னதானம் எல்லாவற்றையும் தம் பொறுப்பில் செய்வார்கள். உதகை மாரியம்மன் கோயிலில் இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் நடக்கிறது. தேரோட்டத்தன்று உப்பை வாரி வீசி வேண்டிக்கொள்ளும் கூட்டத்தில் படுகரும் கன்னடம் பேசுவோரும் மலையாளிகளும் நம்மவர்களும் ஒன்றாக நிற்பதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். எங்கள் ஊர் அதைவிட மிகச் சிறியது. ஆனாலும் இங்கே காய்கறி வியாபாரிகளுக்கு ஒரு நாள், நகைக்கடைக்காரர்களுக்கு ஒரு நாள் இருப்பதுபோல் ஓட்டுநர்களுக்கும் ஒரு நாள் உண்டு.

ஒரு வேறுபாடும் உண்டு. மற்றவர்கள் தங்கள் நாளைத் தங்கள் பணத்தால் நடத்துகிறார்கள். ஓட்டுநர்கள் தங்கள் நாளைத் தங்கள் வண்டியால் நடத்துகிறார்கள், அத்தோடு மற்ற எல்லோருடைய நாளுக்கும் வண்டி கொடுக்கிறார்கள். ஜெனரேட்டர் ஏற்றிய லாரி யாருடையது? அன்னதானத்துக்கு அரிசி மூட்டையும் விறகும் அண்டாவும் கொண்டுவந்த லாரி யாருடையது? மேட்டுப்பாளையத்திலிருந்து பந்தல் சாமான் ஏற்றி வந்ததற்கு வாடகை என்று ஒரு ரூபாயாவது கொடுத்ததாக விழாக் கணக்கில் காட்டுங்கள். நான் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். அந்த நாட்களில் எந்த வண்டி நடை (வாடகைப் பயணம்) போகவில்லை என்பது என் பேரேட்டில் இருக்கிறது.

வண்டி கொடுப்பது என்றால் சாவியைக் கொடுப்பது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊர்வலத்தில் லாரி மனிதன் நடக்கும் வேகத்தில் போக வேண்டும், அதுவும் எங்கள் ஊர் ஏற்றத்தில். ஐந்து மணி நேரம் ஆஃப் கிளட்ச்சிலேயே, அதாவது கிளட்சைப் பாதி மிதித்தபடியே, வண்டியை நகர்த்த வேண்டும். மூன்றாவது மணி நேரத்தில் கேபினுக்குள் கிளட்ச் கருகும் வாடை வரத் தொடங்கும். வெளியே சாம்பிராணியும் மல்லிகையும் மணப்பதால் உங்களுக்குத் தெரியாது. கிளீனர் கையில் கட்டையை வைத்துக்கொண்டு பின்சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவார். வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் குனிந்து அடை கொடுப்பார், வண்டி எடுக்கும்போது மறுபடி குனிந்து உருவுவார். இந்த ஆண்டு அந்த வேலையைச் செய்த பையனின் வலது உள்ளங்கை கட்டையில் உரசித் தோல் உரிந்திருந்தது. மஞ்சள் பூசிக்கொண்டு பந்தியில் பரிமாறினான். விழா முடிந்த பிறகு கிளட்ச் பிளேட் மாற்றும் செலவு இரண்டு நடை வாடகையை விழுங்கிவிடும். அன்றைக்கு ஓடாததால் போன வாடகை தனி. மாதத் தவணைக்கு ஃபைனான்ஸ்காரர் திருவிழா விடுமுறை விடுவதில்லை.

இதை எழுதினால் சிலர் என்ன சொல்வார்கள் என்று தெரியும். ‘போக்குவரத்து நெரிசல் ஏற்படுகிறதே, ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது’ என்பார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வார்கள் என்று எங்கள் ஓட்டுநர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மலைப்பாதையில் ஒவ்வொரு நாளும் வழிவிடுகிறவர்கள் அவர்கள்தான். நெரிசலைப் பற்றிப் பேசுவதென்றால் நேர்மையாகப் பேசுவோம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவரப்பட்டது. 2025 ஏப்ரல் முதல், கோடைக் காலத்துக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் மட்டுமே நீலகிரிக்குள் வரலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒரு மாலை எங்கள் ஊரில் ஓடும் மூன்று லாரிகளாலா அந்த உத்தரவு வந்தது? கோடை விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் பள்ளிச் சான்றிதழ் வாங்க உதகைக்குப் போனால் பாதி நாள் சாலையில் நிற்கிறார்கள். நாங்கள் யாரையும் காணொளி எடுத்துப் போடவில்லை. விருந்தினர் வந்தால் நாங்கள் காத்திருக்கிறோம். எங்கள் அம்மன் ஒரு மாலை வீதிக்கு வந்தால் நீங்கள் காத்திருக்கக் கூடாதா?

மற்றொரு கேள்வி பாதுகாப்பு. இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதயவிழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து எந்த ஊர்வலத்திலும் என் கண் முதலில் கம்பியைத்தான் தேடுகிறது. அலங்கார வளைவின் உயரத்தைக் குறைக்க வேண்டும், மின்வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், லாரியின் மேல் பூசாரியையும் விளக்கைப் பார்த்துக்கொள்பவரையும் தவிர ஆள் ஏறக் கூடாது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தவறு என்பது எங்களுக்கும் தெரியும். இந்த மூன்றையும் விழாக் குழு நிபந்தனையாக வைத்தால் முதலில் கைதூக்குகிறவர்கள் ஓட்டுநர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் குழு வைத்தது நிபந்தனையை அல்ல. வெளியேறு என்றது. அதற்குப் பதிலாகச் சமவெளியிலிருந்து வாடகைக்கு ஓர் அலங்கார ரதம் வரவழைக்கப் போகிறார்களாம். அது மட்டும் கம்பிக்குக் கீழே போகாதா? அதன் ஓட்டுநருக்கு எங்கள் ஊர் ஏற்றம் தெரியுமா?

‘லாரி மரபல்ல’ என்று ஒரு பெரியவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, எனினும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் முதல் சாலையை 1820-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் போட்ட காலம் முதல் இந்த மலை, கீழிருந்து ஏறி வரும் மூட்டையை நம்பியே வாழ்ந்திருக்கிறது. அன்று சுமைகூலியும் மாட்டு வண்டியும் ஏற்றின, இன்று லாரி ஏற்றுகிறது. மலை ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டம் கொடுத்தது. எங்களுக்கும் அதில் பெருமைதான். ஆனால் உங்கள் வீட்டு அரிசி அந்த ரயிலில் வருவதில்லை. இரவில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்குகிறார்கள், அதைக் கழுவி மூட்டை பிடித்தவுடன் விடியும் முன்பே மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறவர் ஓட்டுநர். பறித்த தேயிலை வாடுவதற்குள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பொறுப்பும் வண்டிக்காரருடையது. ஊரைத் தூக்கி நிறுத்தும் வண்டியில் ஊரின் தாய் ஏறி வருவது மரபு இல்லையென்றால் மரபு என்ற சொல்லுக்கு நீங்கள் என்ன பொருள் வைத்திருக்கிறீர்கள்?

என் அப்பா ஓட்டுநர். அதனால்தான் இவ்வளவு பேசுகிறான் என்பீர்கள். ஆம், அதனால்தான் பேசுகிறேன். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகள் ஏற்பட்டு 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அந்த நாட்களில் அப்பா ஒரு லோடு அரிசியுடன் பாதி வழியில் சிக்கிக்கொண்டார். மேலேயும் மண் சரிந்திருந்தது, கீழேயும் சரிந்திருந்தது. ஐந்து நாட்கள் கேபினிலேயே படுத்து, தார்ப்பாயை இழுத்து இழுத்துக் கட்டி மூட்டைகளைக் காத்தார். வீட்டுக்கு வந்தபோது கால் விரல்களுக்கிடையே தோல் வெளுத்துப் பிய்ந்திருந்தது. அம்மா வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் சரக்குக்காரரிடமிருந்து தொலைபேசி வந்தது. எத்தனை மூட்டை நனைந்தது என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அப்பா கணக்குச் சொல்லிவிட்டு வைத்தார். அடுத்த சித்திரையில் அதே லாரியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, செண்டுமல்லி கட்டி அம்மனுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். ‘ஐந்து நாளும் மேலேயிருந்து ஒரு கல் கூட வண்டி மேல் விழவில்லையே, அதற்கு நான் என்ன கொடுத்தாலும் போதாது’ என்று சொன்னார்.

இனி, குடியைப் பற்றி எழுதாவிட்டால் மறைக்கிறான் என்பார்கள். அன்றைய ஊர்வலத்தில் ஒருவர் குடித்திருந்தார் என்பது உண்மை. அவர் ஓட்டுநர் அல்ல, கிளீனரும் அல்ல. உபயத்தன்று ஸ்டியரிங் பிடிப்பவர்கள் மாலை போட்டு விரதம் இருக்கிறார்கள். ஒரு திருமணத்தில் ஒருவர் குடித்துவிட்டு வந்தால் மாப்பிள்ளை வீட்டையே குடிகார வீடு என்பீர்களா? ஓட்டுநர்கள் விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்ல எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது. என் தங்கைக்கு வரன் பார்த்தபோது, ஜாதகம் பொருந்திய பிறகு, ‘லாரி டிரைவர் வீடு என்று முன்பே சொல்லவில்லையே’ என்று ஒரு குடும்பம் எழுந்து போனது. லோடு இறக்க வந்தவர் கழிப்பறை கேட்டால் கடைக்குள் விடுவதில்லை. வண்டியில் வந்த சரக்கு வேண்டும், வண்டியில் வந்த சாமி வேண்டும், வண்டி ஓட்டுகிற மனிதர் மட்டும் கண்ணில் படக் கூடாது. இத்தனை நாள் இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அறிக்கையைப் படித்த இரவு தூக்கம் வராமல் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அந்தக் காணொளியில் இருக்கும் அண்ணன் இதுவரை ஒரு பதிலும் எழுதவில்லை. அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. ஊர்வலம் முடிந்து சாமியை இறக்கிய அன்றிரவே இரண்டு மணிக்கு அவர் கேரட் லோடுடன் கீழே போனார், முன்பக்கக் கம்பியில் கட்டிய பூவைக்கூட அவிழ்க்க நேரமில்லாமல். மறுநாள் மண்டியில் யாரோ காட்டித்தான் தன் முகத்தை அதில் பார்த்திருக்கிறார். ‘பாப்பா யார் வீட்டுப் பிள்ளை தம்பி, அடி ஒன்றும் படவில்லையே’ என்று என்னிடம் கேட்டார். காணொளியைப் பற்றி அவர் கேட்டது அவ்வளவுதான்.

விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இது. அறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். பாதுகாப்பு நிபந்தனைகளை எழுதிக் கொடுங்கள், ஓட்டுநர்கள் கையெழுத்திடுவார்கள். அடுத்த ஆண்டு அழைப்பிதழில் ‘ஓட்டுநர் உபயம்’ என்ற வரி அதே நாளில், அதே இடத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கணக்கு ஒப்படைப்புக் கூட்டத்துக்குப் பேரேட்டுடன் வருகிறேன். அந்த அண்ணனையும் அழைத்து வருகிறேன். அவருக்கு உட்கார முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.