சீட்டுப் பணத்தில் எந்த கன்சோல்?

போன மாதம் எனக்குச் சீட்டு விழுந்தது. வீட்டுச் செலவுக்குக் கொடுத்தது போக 60,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு கேம் கன்சோல் வாங்கப் போகிறேன். எது வாங்கலாம் என்று ஆபீஸிலும் வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் கேமைப் பற்றியும் கிராபிக்ஸைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கவலையே இல்லை, இன்றைக்கு எந்தப் பெட்டியை வாங்கினாலும் ஆயுசுக்கும் விளையாடக் கேம் இருக்கிறது. வாங்கி ஒன்றரை வருடத்தில் அது நின்றுபோனால் யாரிடம் கொண்டுபோவேன் என்பதுதான் என் கேள்வி.

காரணம் இருக்கிறது. எனக்குத் தூத்துக்குடியில் வீடு, கடல் நடந்துபோகும் தூரம். புதிதாக அடித்த ஜன்னல் கம்பி இரண்டாவது வருடமே துருப்பிடிக்கிற தெரு. முன்பு என்னிடம் இருந்த கன்சோல் (எந்த நிறுவனம் என்பது வேண்டாம்) பத்தாவது மாதம் படம் காட்டுவதை நிறுத்திவிட்டது. லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, டிவியில் ஒன்றும் வரவில்லை. வாரண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் நன்றாகப் பொதிந்து கூரியரில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து போன் வந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, போர்டில் பச்சை பூத்திருக்கிறது, வாரண்டியில் சேராது, போர்டு மாற்ற 26,000 ஆகும் என்றார்கள்.

தண்ணீர் போகவே இல்லை. அந்த மேசையில் நான் ஒரு டம்ளர்கூட வைத்தது கிடையாது. அது உப்புக்காற்று. கடலோரத்தில் இருக்கிற எந்த எலெக்ட்ரிக் கடைக்காரரும் போர்டைப் பார்த்ததும் சொல்லிவிடுவார். போனில் எத்தனை முறை விளக்கியும் அந்தப் பக்கம் ஒரே பதில்தான். பெட்டியைத் திரும்ப வாங்கி, மதுரையில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். அந்த அண்ணன் போர்டைக் கழற்றி, பிரஷும் ஆல்கஹாலும் வைத்துச் சுத்தம் செய்து, டிவி ஒயர் மாட்டுகிற ஹெச்டிஎம்ஐ பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஐசியை (சிப்பை) மாற்றினார். 3,200 ரூபாய். அதற்கப்புறம் நான்கு வருடம் ஓடியது. இப்போதும் அக்கா மகன் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு முடிவு செய்தேன், இனிமேல் கன்சோல் வாங்கினால் பஸ்ஸில் போய்த் திரும்புகிற தூரத்தில் அதைப் பிரிக்கத் தெரிந்த ஆள் இருக்கவேண்டும். எது கெடாது என்று தேடினால் விடை கிடைக்காது, எல்லாமே ஒருநாள் கெடும். எது கெட்டால் என் கைக்காசில், என் ஊரிலிருந்து சரிசெய்ய முடியும் என்று தேடினால் விடை கிடைக்கிறது.

பெரிய நிறுவனம் செய்த பொருள், அப்படியெல்லாம் கெடாது என்று நினைப்பவர்கள் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2005 நவம்பரில் அமெரிக்காவில் வந்தது, அடுத்த வருடம் செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. பவர் பட்டனைச் சுற்றி ஒரு வளையம், நான்கு துண்டாக எரியும். மூன்று துண்டு சிவப்பாக எரிந்தால் பெட்டி போய்விட்டது என்று அர்த்தம். ஆட்கள் தலை துவட்டுகிற துண்டைச் சுற்றி, பெட்டியை வேண்டுமென்றே சூடாக்கி, கொஞ்ச நேரம் உயிர்ப்பித்து விளையாடினார்கள். அது மறுபடியும் போகும், முன்னைவிட மோசமாக. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு மட்டும் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டி, அதற்கென்று 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. காரணத்தை அவர்கள் வாயாலேயே விரிவாகச் சொன்னது 2021-இல் வந்த அவர்களுடைய ஆவணப்படத்தில்தான். போட்டால் சூடு, அணைத்தால் குளிர்ச்சி. இப்படி மாறி மாறி விரிந்து சுருங்கியதில் சிப்புக்கு உள்ளே இருக்கிற இணைப்புகள் விரிசல் விட்டிருக்கின்றன. போர்டில் சிப்பைப் பிடித்திருக்கிற ஈயப்பற்றுதான் விட்டுப்போகிறது என்று உலகமே பேசிக்கொண்டிருந்தது, உண்மையில் கோளாறு அதற்கும் உள்ளே.

ஸ்கொயர்டிரேட் என்கிற அமெரிக்க வாரண்டி நிறுவனம் 2009-இல் தன்னிடம் பதிவான சுமார் 16,000 கன்சோல்களைக் கணக்கெடுத்தது. இரண்டு வருடத்துக்குள் பழுதானவை எக்ஸ்பாக்ஸ் 360-இல் நூற்றுக்கு 23.7, சோனியின் பிளேஸ்டேஷன் 3-இல் (பிஎஸ்3) 10, நிண்டெண்டோ வீயில் 2.7. வாரண்டி விற்கிறவர்கள் கொடுத்த கணக்கு என்பதை மறக்கக்கூடாது. ஆனால் இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். வீ கொஞ்சமாக மின்சாரம் எடுக்கிற, சூடே ஆகாத சின்னப் பெட்டி. எக்ஸ்பாக்ஸ் 360 அடுப்பு மாதிரி கொதித்தது. சூடுதான் கன்சோலுக்கு எமன்.

அதே எக்ஸ்பாக்ஸ் 360, சிப்பைச் சிறிதாக்கி 2010-இல் புது உருவத்தில் வந்தபோது அந்தப் பழைய பேச்சு அடங்கிவிட்டது. மஞ்சள் லைட் எரிந்து செத்த பழைய பிஎஸ்3-க்கும் 2009-இல் வந்த அதன் மெலிந்த மாடலான ஸ்லிம்முக்கும் அதே வித்தியாசம். அதனால் எந்தத் தலைமுறையாக இருந்தாலும் முதல் வருடப் பெட்டியை நான் தொடமாட்டேன். பொறுக்க முடியாமல் வாங்குகிறவர்கள்தான் நமக்காகச் சோதித்துக் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி.

இப்போது கடையில் இருப்பதற்கு வருகிறேன்.

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 மேல் எனக்கு ஆசை அதிகம், ஒளிக்கவில்லை. 2025 ஜூனில்தான் வந்தது, ஆகவே முதல் வரிசைப் பெட்டி. நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, இங்கே கிடைப்பது வெளியிலிருந்து வருகிற சரக்கு. கெட்டுப்போனால் கடைக்காரர் முகத்தைத்தான் பார்க்கவேண்டும். அப்புறம் அந்த ஸ்டிக், கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கிற குச்சி. முதல் ஸ்விட்ச் 2017-இல் வந்ததிலிருந்து ஜாய்கான் கன்ட்ரோலரில் டிரிஃப்ட், அதாவது நாம் தொடாமலே ஆள் தானாக நடக்கிற கோளாறு. அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போய், 2020-இல் நிறுவனத் தலைவர் ஃபுருகாவா மன்னிப்புக் கேட்டார். ஐரோப்பாவில் வாரண்டி முடிந்தபின்னும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக 2023-இல் அறிவித்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஸ்விட்ச் 2-இன் ஸ்டிக்கில் காந்த உணரி போடவில்லை.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. இன்றைக்கு மூன்று நிறுவனத்தின் சாதாரண கன்ட்ரோலரிலும் ஸ்டிக்குக்குக் கீழே கரித்தடம் பூசிய பட்டை ஒன்று இருக்கிறது, அதன்மேல் ஒரு சின்ன உலோக முனை உரசிக்கொண்டே ஓடும். உரச உரசத் தேயும். ரேடியோ வால்யூம் திருகு பழசானால் கரகரக்குமே, அதே சங்கதி. காந்தம் வைத்த ஹால் உணரியில் உரசலே கிடையாது, தேய ஒன்றுமில்லை. சேகா நிறுவனம் 1998-இல் ஜப்பானில் விட்ட டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே அது இருந்தது. கால் நூற்றாண்டு கழித்து, பிரிட்டனின் விச் என்கிற நுகர்வோர் அமைப்பு 2022-இல் விசாரித்தபோது பழைய ஸ்விட்ச் வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் டிரிஃப்ட் வந்ததாகச் சொன்னார்கள். எத்தனை வீட்டில் பிள்ளைகள் அடிவாங்கியிருப்பார்கள், "நீதான் முரட்டுத்தனமா அமுக்கிக் கெடுத்துட்ட" என்று. அக்கா மகன் அப்படி வாங்கியிருக்கிறான். அவன் கெடுக்கவில்லை, அது தேய்ந்தது.

நல்லதையும் சொல்லவேண்டும். மைக்ரோசாஃப்ட் 2023 முதல் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் உதிரிப்பாகங்களைத் தானே விற்கிறது. சோனியின் பிஎஸ்5 கன்ட்ரோலரான டூயல்சென்ஸில் எட்ஜ் என்கிற மாடலில் ஸ்டிக்கை மட்டும் கழற்றி மாற்றலாம், ஆனால் அது விலை கூடின கன்ட்ரோலர். சாதாரண கன்ட்ரோலர் வாங்குகிறவனுக்கும் இதே வசதி வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் சின்னதாக, குறைவான மின்சாரத்தில், சத்தமில்லாமல் ஓடும். சூடு பற்றி நான் மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் அதைத்தான் வாங்கவேண்டும். ஆனால் அதில் டிஸ்க் போட வழியில்லை. நான் புது கேம் முழு விலைக்கு வாங்குகிற ஆள் இல்லை. பழைய டிஸ்க் வாங்கி, முடித்து, விற்று அடுத்தது வாங்குவேன். சென்னைக்குப் போனால் ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றாமல் வரமாட்டேன். பெட்டியே செத்தாலும் டிஸ்க் என் அலமாரியில் இருக்கும், நண்பன் வீட்டுப் பெட்டியில் போட்டுப் பார்க்கலாம். சீரீஸ் எக்ஸில் டிஸ்க் உண்டு, ஆனால் என் வட்டத்தில் அதன் டிஸ்க் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. மதுரை அண்ணனும், தன்னிடம் வருவதில் பெரும்பாலானவை பிளேஸ்டேஷன்தான், அதற்குத்தான் உதிரிப்பாகம் கையிருப்பில் வைக்கிறேன் என்றார். இந்த ஒரு வாக்கியம் எனக்கு நூறு யூடியூப் வீடியோவைவிடப் பெரிது.

ஆக பிஎஸ்5. இது 2020 நவம்பரில் வெளிநாட்டிலும் 2021 பிப்ரவரியில் இந்தியாவிலும் வந்தது. 2022-லேயே உள்ளே இருக்கிற சிப்பை 6 நானோமீட்டர் தயாரிப்பு முறைக்கு மாற்றிச் சிறிதாக்கிவிட்டார்கள், ஸ்லிம் 2024 ஏப்ரலில் இங்கே வந்தபோது டிஸ்க் மாடல் 54,990 ரூபாய், டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடல் 44,990. முதல் வரிசைக் கோளாறுகள் தெரிந்து முடிந்த பெட்டி. அதற்காகக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன்.

இதில் சிப்புக்கும் வெப்பம் கடத்தும் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசுகிற வழக்கமான பேஸ்ட் கிடையாது, திரவ உலோகம் பூசியிருக்கிறார்கள். சூட்டைப் பிரமாதமாகக் கடத்தும். ஆனால் மின்சாரத்தையும் கடத்தும். ஓரத்தில் இருக்கிற தடுப்பைத் தாண்டி வெளியே வந்தால் போர்டு காலி. நின்ற நிலையில் வைத்த சில பெட்டிகளில் அது இடம் மாறியிருந்ததாக வெளிநாட்டு ரிப்பேர்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதனால் நான் படுக்க வைத்துத்தான் பயன்படுத்துவேன். இதைவிட முக்கியம் வேறொன்று. பிஎஸ்4 வைத்திருந்த நமக்கெல்லாம் ஒரு பழக்கம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்து "பேஸ்ட் மாத்திக் குடுங்க" என்பது. பிஎஸ்5-ஐ அப்படிக் கொடுக்காதீர்கள். திரவ உலோகத்தில் கைபழகாத ஒருவர் திறந்தால் நல்ல பெட்டி கெட்டுப்போகும். தூசிக்கு வெளி மூடியைக் கழற்றினால் போதும், தூசி சேர்கிற ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியும், மெதுவாக உறிஞ்சி எடுக்கலாம்.

கையேட்டில் ஒரு வரி இருக்கிறது, பெட்டி இருக்கிற அறையின் வெப்பம் 5 முதல் 35 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்று. மே மாதம் மதியம் நம் ஊரில் ஏசி இல்லாத எந்த அறை 35-க்குள் இருக்கிறது? டிவி ஷோகேஸில் கண்ணாடிக் கதவுக்குள் அழகாக வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அந்தக் கண்ணாடிக்குள் பெட்டி தன் சூட்டையே திரும்பத் திரும்ப இழுக்கும். சித்திரை, வைகாசியில் நான் இரவில்தான் விளையாடப் போகிறேன். திறந்த மேசை, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, விளையாடாத வாரங்களிலும் இடையில் ஒருநாள் போட்டு ஓடவிடுவேன். உப்பு ஈரம் தங்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான், மதுரை அண்ணனும் அதையே சொன்னார்.

கரண்ட் விஷயம் தனி. ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட யுபிஎஸ் தேவை. கேம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் ஆபத்து, பத்து நிமிடம் தாங்கினால் ஒழுங்காக அணைத்துவிடலாம். ஐப்பசி மழையில் இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிவிக்கு வருகிற கேபிள் ஒயரையும் பிடுங்குங்கள். இடி அந்த வழியாக டிவிக்கு வந்து, ஹெச்டிஎம்ஐ வழியாகக் கன்சோலுக்குள் போகும். எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு பெட்டி போயிருக்கிறது.

கடைசியாக, அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போன ஒன்று. வாரண்டியை மறுத்தால் போனிலேயே அழுது முடித்துவிடக்கூடாது. 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் ஆகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு அங்கே கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இதற்கு வேண்டியது சீரியல் எண் போட்ட பில். பில் இல்லாமல் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். கூரியரில் அனுப்பும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ, சீல் உடையாமல் இருப்பதற்கு ஒரு போட்டோ. எழுதித் தராத எந்தக் காரணத்தையும் ஏற்காதீர்கள். நான் ஏற்றேன், இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, என் முடிவு டிஸ்க் மாடல் பிஎஸ்5 ஸ்லிம். தீபாவளிக்கு முந்தின வாரம் கடைக்குப் போகிறேன், நேரடிக் கடைதான், ஆன்லைன் இல்லை. யுபிஎஸ் போக மிச்சம் இருந்தால் ஹால் ஸ்டிக் மாற்றி வைக்கலாம் என்று இருக்கிறேன். திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ டூயல்சென்ஸ் ஸ்டிக்கைப் பழுதில்லாமல் மாற்றித் தருகிற ஆள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் கீழே சொல்லுங்கள். எவ்வளவு வாங்கினார், மாற்றி எத்தனை மாதம் ஆகிறது என்பதையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.