சட்லர் கோப்பை போட்டிப் பரிசு அல்ல

அமெரிக்கக் கல்லூரி அணிவகுப்பு பேண்டுகளின் வீடியோக்களோடு ஒரு தகவல் சுற்றுகிறது: "சட்லர் கோப்பை என்பது ஆண்டுதோறும் நடக்கும் தேசிய சாம்பியன்ஷிப். மிச்சிகன் 1982-ல் ஜெயித்தது, அப்புறம் ஒருமுறைகூட ஜெயிக்க முடியவில்லை."

இது தவறு. 1982-ல் மிச்சிகன் பல்கலைக்கழக பேண்ட்தான் முதலில் பெற்றது என்பது மட்டும் சரி. ஆனால் இதற்குப் போட்டியே கிடையாது. அணிவகுப்பு இசைக்குப் பேர்போன அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசாவின் பெயரிலான அறக்கட்டளை வழங்கும் இந்தக் கோப்பை, பல ஆண்டுகளாகத் தரம் குறையாமல் வாசித்துவரும் பேண்டுக்கான மரியாதை. ஒரு பேண்டுக்கு ஒரே ஒருமுறைதான். மிச்சிகன் மறுபடி வாங்காததற்குக் காரணம் விதிதான், தோல்வி இல்லை. ஆண்டுதோறும் என்பதும் பழைய கதை. 2007-க்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் தருகிறார்கள்.

1984-ல் பெற்ற ஒஹையோ ஸ்டேட் பேண்டைப் பாருங்கள். வாசித்துக்கொண்டே மைதானத்தில் வரிசையாக நடந்து 'ஒஹையோ' (Ohio) என்று ஆங்கிலக் கூட்டெழுத்தில் எழுதுவார்கள். கடைசியில் தோளில் சூசாபோன் என்ற பெரிய பித்தளை ஊதுகருவியைச் சுமந்த ஒருவர் துள்ளி நடந்து வந்து 'ஐ' எழுத்தின் மேல் புள்ளியாக நிற்பார். இருபக்கமும் குனிந்து வணங்குவார். மைதானத்தில் இப்படிப் பெயரை எழுதும் வழக்கம் 1936 முதல் இருக்கிறது. அடுத்த ஆண்டு பெற்ற ஃபுளோரிடா ஏ அண்ட் எம், கறுப்பின மக்களுக்கெனத் தொடங்கிய பல்கலைக்கழகம். அவர்களின் வேகமான, நடனம் கலந்த நடை முற்றிலும் வேறு பாணி. இவற்றில் எது பெரிது என்று மதிப்பெண் போடவே இந்தக் கோப்பை வரவில்லை.