ஒரு சுரத்துக்கு அரை மணி நேரம்
நீங்கள் வெளியிட்ட பேட்டியில், இசைக்குழு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக இசையமைக்கத் தொடங்கிய வயலின் கலைஞர், தினமும் ஒரே சுரத்தை அரை மணி நேரம் இழுத்துப் பார்ப்பதாகச் சொன்ன இடத்தில் என் மனம் நின்றுவிட்டது. வயலினில் வீணைபோல் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுகள் கிடையாது. விரல் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சுருதி காட்டிக்கொடுத்துவிடும். பன்னிரண்டு ஆண்டுகளாக வாசிக்கிறேன், இன்றும் வில்லைத் திருப்பும் நொடியில் என் ஒலி லேசாக உடைகிறது. யாரும் கேட்காத அறையில் அதைச் சரிசெய்துகொண்டே இருக்க, கைதட்டலைத் தவிர வேறு காரணம் வேண்டும். அவருக்கு அது இருக்கிறது, ஒவ்வொரு பதிலிலும் தெரிகிறது. பதிவு நிறுவனத்தின் துணையில்லாமல் ஒலிப்பதிவுச் செலவை எப்படிச் சமாளிக்கிறார் என்பதை மட்டும் இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். தயவுசெய்து அதை விரிவாகக் கேட்டு எழுதுங்கள்; என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது.