பொம்மைக் கடை இல்லைங்க அது

எங்க நகரி பக்கம், ஆந்திரா எல்லையில, ஒரு அண்ணன் நடத்தற மாடல் கார் மியூசியத்தைக் கேலி பண்ணின அந்த வீடியோவை நானும் பார்த்தேன். மூணு நாளா அதையே எனக்கு அனுப்பிட்டு இருக்கீங்க. போட்டவர் யாருன்னு இங்க எழுத மாட்டேன், எல்லாருக்கும் தெரியும். "50 ரூபா டிக்கெட் வாங்கி மாடி ஏறிப் போனா பொம்மைக் கடை, அதுலயும் குழந்தையைத் தொட விடமாட்றாங்க"ன்னு ஒரு நிமிஷம் பேசி போட்டுட்டார். கீழ சிரிச்சு வெச்சிருந்தவங்கள்ல என் பிரெண்ட்ஸ் லிஸ்ட்ல இருக்குறவங்களே பதினோரு பேர். அதனாலதான் எழுதறேன்.

அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை போய் கண்ணாடி தொடச்சுக் குடுப்பேன். அந்த வீடியோல வராத விஷயத்தை சொல்றேன். கயிறு கட்டி இருந்ததைத் தாண்டி குழந்தையைத் தூக்கி உள்ள விட்டது அவர். கண்ணாடியைத் தள்ளி ஒரு சின்ன ஹெரால்டு மாடல் காரை எடுத்து பையன் கையில குடுத்ததும் அவர்தான். நாலு வயசுப் பையன், அவனுக்கு என்ன தெரியும், கை நழுவி மொசைக் தரையில விழுந்துடுச்சு. முன் ஆக்சில் வளைஞ்சு ஒரு வீல் உருண்டு பீரோ அடியில போயிடுச்சு. மியூசியம்கார அண்ணன் ஒரு வார்த்தை சத்தம் போடல. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, போன்ல டார்ச் போட்டு, தரையில மண்டி போட்டு, உதிர்ந்த பெயிண்ட் துணுக்கைத் தேடினார். நகத்துல பாதி இருக்கும் அது. கிடைச்சதும் ஒரு பேப்பர்ல மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். அப்புறமா "தயவுசெஞ்சு தொடாதீங்க சார்"னு சொன்னார். வீடியோல வந்தது அந்தக் கடைசி வரி மட்டும்தான்.

அது பொம்மைக் கடை இல்லைங்க. மியூசியம்.

அந்த ஹெரால்டு என்னன்னு தெரியுமா? இங்கிலாந்துல லிவர்பூல்ல மெக்கானோன்னு ஒரு கம்பெனி, 1934-ல அவங்க பொம்மைக் கார்ங்களுக்கு டிங்கின்னு பேர் வெச்சு, 1979-ல ஃபேக்டரியை மூடிட்டாங்க, அவங்க செஞ்ச ட்ரயம்ப் ஹெரால்டு மாடல். அதே ஹெரால்டுதான் 1961-ல இருந்து நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு தயாராச்சு. இன்னிக்கு ரோட்டுல அதைப் பார்க்க முடியுமா? உங்க பையனுக்கு எங்க கொண்டு போய் காட்டுவீங்க? நம்ம மெட்ராஸ்ல செஞ்ச கார் எப்படி இருந்துச்சுன்னு உள்ளங்கை அளவுல காட்டறதுக்கு ஒருத்தர் இருக்கார், அவரைப் போய் கேலி பண்றோம்.

"பொம்மைதானே"ன்னு சொல்றவங்களுக்கு. நவராத்திரிக்கு உங்க வீட்ல கொலு வெக்கறீங்கள்ல? செம்மரத்துல கடைஞ்ச மரப்பாச்சி, செட்டியார் பொம்மை, கீழ்ப்படியில மணலைக் கொட்டி பார்க் போட்டு அதுல ரெண்டு காரும் நிறுத்தி வெக்கறீங்கள்ல? பாட்டி காலத்து பொம்மைன்னு பழைய புடவையில சுத்தி பரண்மேல வெச்சு வருஷம் பூரா காப்பாத்தறீங்களே, அதை யாராவது பொம்மைக் கடைன்னு சொன்னா சும்மா விடுவீங்களா? டெல்லியில ஒரு பொம்மை மியூசியம் இருக்குது. கார்ட்டூனிஸ்ட் சங்கர் ஆரம்பிச்சது, காயங்குளத்துக்காரர். யாரோ குடுத்த ஒரே ஒரு ஹங்கேரி பொம்மையில ஆரம்பிச்ச ஆசை அது. 1965-ல அதைத் திறந்து வெச்சவர் அப்போ ஜனாதிபதியா இருந்த ராதாகிருஷ்ணன். நம்ம திருத்தணி மண்ணுல பிறந்தவர். நாட்டோட ஜனாதிபதி போய் திறந்து வெக்கிற அளவுக்கு பொம்மைக்கு மரியாதை இருந்துச்சு. இங்கேருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல திருத்தணி. அந்த ஊரைச் சுத்தி இருக்கிற நாமதான் சிரிக்கறோம்.

அப்புறம் தொடறது. இதை கொஞ்சம் பொறுமையா கேளுங்க. இந்தக் கார்ங்க தகரம் இல்ல. துத்தநாகத்துல கொஞ்சம் அலுமினியமும் மத்ததும் கலந்து உருக்கி அச்சுல ஊத்தறது, அதைத்தான் டை-காஸ்ட்னு சொல்றது. அந்தக் காலத்துல கலவையில துளி ஈயம் கலந்துட்டா போதும், வருஷம் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளயே வெடிப்பு விட்டு ஊதிப்போய் கடைசில பிஸ்கட் மாதிரி பொடியும். 1930-கள்ல செஞ்ச கார்ங்கள்ல நிறைய அப்படித்தான் போச்சு. ஈரமும் சூடும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம். நம்ம ஊர் வெயிலும் ஐப்பசி மழையும் எப்படின்னு உங்களுக்கே தெரியும். வெயில் பட்டா பெயிண்ட் வெளுக்கும், விரல் வேர்வை பட்டா தடம் விழும். டயர்ல இருக்கிற பிளாஸ்டிக் சமாச்சாரம் கசிஞ்சு, அது நிக்கிற பிளாஸ்டிக் பலகையையே உருக்கி ஒட்டிக்கும், அதுக்காக ஒவ்வொரு காருக்கும் அடியில சின்னதா ஒரு கட்டை குடுத்து டயர் கீழ படாம நிறுத்தி வெச்சிருக்கார். நான் கண்ணாடி தொடைக்கப் போனப்பதான் குனிஞ்சு பார்த்தேன். வரிசையா எல்லாக் காரும் ஒரு முடி அளவு மேல நிக்குது. ஒண்ணொண்ணா அவரே அறுத்து தேய்ச்சு வெச்ச கட்டைங்க. குழந்தைங்க தொட்டு விளையாடறதுக்குன்னு வெளிய வராண்டாவுல ஒரு டேபிள் போட்டு ஒரு கூடை நிறைய கார் வெச்சிருக்காரே, அதை ஏன் வீடியோ எடுக்கல?

"பணக்காரங்க ஹாபி"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். அண்ணன் முப்பது வருஷம் லேத்துல நின்ன டர்னர். பி.எஃப். பணத்துலதான் அந்த பீரோ எல்லாம். இதுக்கு மேல அந்த ஆளுக்கு பதில் சொல்ல மாட்டேன்.

இன்னொருத்தர், "கோயம்புத்தூர்ல அவிநாசி ரோட்ல ஜி.டி. கார் மியூசியத்துல நிஜ காரே இருக்குது, இதை எதுக்கு பார்க்கணும்"னு. அங்கயும் போங்க, நானும் போயிருக்கேன், சாயங்காலம் வரைக்கும் வெளிய வர மனசே வரல. ஆனா நிஜ காரை ஒரே ஹால்ல எத்தனை நிறுத்துவீங்க? ஒரு அம்பாசிடர் சுமார் 4.3 மீட்டர் நீளம். மாடல் கார்ங்க மாதிரி 43-ல ஒரு பங்குன்னு சின்னதாக்கினா 10 சென்டிமீட்டர் சொச்சம், சோப்பு டப்பா அளவு. நூறு வருஷ கார் சரித்திரத்தை ஒரு சுவத்துல வரிசையா நிறுத்தி வெக்கலாம். லெபனான்ல பில்லி கரம்னு ஒரு ரேஸ்காரர் 37,777 மாடல் கார் சேர்த்து 2016-ல கின்னஸ்ல ஏறினார், மியூசியமாவே வெச்சிருக்கார். அந்த நாடு பட்ட கஷ்டத்துக்கு நடுவுல. நம்ம ஆளு கின்னஸ் எல்லாம் கேக்கல. 50 ரூபா கேக்கறார்.

சரி, என் வீட்டு விஷயத்தையும் சொல்லிடறேன். போன வருஷம் நைனாவையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். நைனா அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினவர், திருப்பதி மலைக்கு எத்தனை நடை போனார்னு கணக்கே கிடையாது. ஒரு தடவை கை உடைஞ்சு புத்தூர் கட்டு போட்டுக்கிட்டு, கட்டு பிரிச்ச மறுநாளே ஸ்டீரிங் பிடிச்சவர். அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு "இது மார்க் டூ கிரில்லு, நம்ம வண்டி"ன்னு ஒரு பார்வையில சொல்லிட்டார். அண்ணனுக்கு அவ்ளோ சந்தோஷம், ரெண்டு பேரும் ஸ்டீரிங் பக்கத்துல இருக்கும் அந்தக் காலத்து கியரைப் பத்தி பேச ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு. கல்கத்தா பக்கத்துல உத்தரபாரா ஃபேக்டரியில 2014-ல அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்தினப்ப நைனா வீட்ல அன்னிக்கு சரியா சாப்பிடல, அது எனக்கு ஞாபகம் இருக்குது.

ஆனா நான் சொல்ல வந்தது அம்மாவைப் பத்தி. "பொம்மை பார்க்க நான் எதுக்குடா"ன்னு வாசல்லயே உக்காந்தவங்க. உள்ள தீப்பெட்டி அளவு கார்னு ஒரு அலமாரி இருக்கும், மேட்ச்பாக்ஸ் கம்பெனி. லண்டன்ல லெஸ்னின்னு ஒரு பட்டறை, அதுல ஜாக் ஓடெல்னு ஒருத்தர். அவரோட பொண்ணு படிச்ச பள்ளிக்கூடத்துல தீப்பெட்டிக்குள்ள அடங்கற பொம்மை மட்டும்தான் கொண்டு வரலாம்னு சொன்னாங்களாம், அதுக்காக அவர் ஒரு சின்ன ரோடு ரோலர் செஞ்சு பெட்டிக்குள்ள வெச்சுக் குடுத்தாராம், 1953-ல அதுவே மேட்ச்பாக்ஸ் கார் வரிசை ஆயிடுச்சு. அண்ணன் இந்தக் கதையை சொல்லிட்டே காரையும் பெட்டியையும் பக்கத்துல பக்கத்துல காட்டறார். அம்மா எழுந்து வந்தாங்க. அம்மா குடியாத்தம். கல்யாணத்துக்கு முன்னாடி வரைக்கும் தீப்பெட்டி ஒட்டினவங்க. கண்ணாடி மேல விரலை வெச்சு, அந்தப் பெட்டியோட ஓரத்தையே பார்த்துக்கிட்டு, "இதை இப்படி மடிச்சு இப்படி ஒட்டணும், எத்தனை பெட்டி மடிச்சிருப்பேன், அதுல கார் வெக்கலாம்னு எனக்குத் தெரியாம போச்சே"ன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. பஸ்ல வர்ற வரைக்கும் பேசல.

50 ரூபாய்க்கு இதை எங்க வாங்குவீங்க? ரெண்டு டீ, நாலு பஜ்ஜி சாப்பிட்டா வர்ற காசு அது.

இப்போ கரண்ட் பில் யார் கட்டறது? மழைக்காலத்துல ஈரம் எடுக்கற மெஷின் ராத்திரி பகலா ஓடணும். உதவி கேட்டு ஒரு ஆபீஸுக்குப் போனா "போர்டு தமிழ்ல இருக்கே, அந்தப் பக்கம் கேளுங்க"ன்னாங்க. அந்தப் பக்கம் போனா "உங்க அட்ரஸ் ஆந்திராவாச்சே"ன்னாங்க. 1960-ல திருத்தணி மெட்ராஸ் ஸ்டேட்டுக்குப் போச்சு, நகரி இந்தப் பக்கம் ஆந்திராவுலயே நின்னுடுச்சு. அதுல இருந்து எங்களுக்கு எல்லாமே இப்படித்தான், நான் பொறக்கறதுக்கு முன்னாடி போட்ட கோட்டுக்கு நான் இன்னும் பதில் சொல்லிட்டு இருக்கேன். "ஆந்திராவுல இருக்கறதுக்கு நாங்க ஏன் காசு தரணும்"னு கமெண்ட் போட்ட தம்பி, உங்க புரொஃபைல்ல தமிழன்னு பெருசா எழுதியிருக்கீங்க. நாங்களும் தமிழ்தான்பா பேசறோம். அந்த மியூசியத்துல ஒவ்வொரு காருக்கும் கீழ தமிழ்ல எழுதி ஒட்டியிருக்கு. வேற எங்கயாவது 'துத்தநாக வார்ப்பு'ன்னு எழுதின சீட்டைப் பார்த்திருக்கீங்களா? சொல்லுங்க. எனக்கு கோபம் இல்ல, வருத்தமாத்தான் இருக்குது.

யாரும் பிச்சை போட வேணாம், அவர் வாங்கவும் மாட்டார். டிக்கெட் எடுங்க. பசங்களைக் கூட்டிட்டு வாங்க. உங்க வீட்டுப் பரண்ல பழைய கார் கிடந்தா, முக்கியமா அட்டைப் பெட்டியோட இருந்தா, பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீங்க, பெட்டி இருந்தாத்தான் அது எப்போ எங்க செஞ்சதுன்னு கண்டுபிடிக்க வசதி. டிங்கியோட பழைய அச்சை வாங்கி கல்கத்தாவுல நிக்கி டாய்ஸ்னு செஞ்சாங்க, அது நம்ம பக்கத்து வீடுங்கள்லயே எங்கயாவது கிடக்கும். டீச்சருங்க யாராவது இதைப் படிச்சா, கணக்குல விகிதம் நடத்தற வாரம் கிளாஸைக் கூட்டிட்டு வாங்க, 43-ல ஒண்ணுன்னா என்னன்னு பசங்க கண்ணால பார்க்கட்டும்.

நேத்து சாயங்காலம் போயிருந்தேன். ஹெரால்டோட ஆக்சிலை நிமிர்த்திட்டார், வீலும் கிடைச்சிடுச்சு. பெயிண்ட் துணுக்கை இன்னும் ஒட்டல, அந்தப் பேப்பர் மடிப்பு டேபிள் மேல அப்படியே இருக்குது. வாசல் போர்டு லைட் எரியல. கேட்டேன். "டிக்கெட் போர்டைக் கழட்டிடலாமா தம்பி, சும்மாவே பார்த்துட்டுப் போகட்டும், அப்போ யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்கல்ல"ன்னார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்கண்ணான்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குத் திறப்பார். டிக்கெட் புக்கோட கீழ படிக்கட்டுகிட்ட நான் உக்காந்திருப்பேன். அம்மாவும் வராங்க.