அது பித்தம் இல்லை

"கண்ணில் மின்னல் மாதிரி தெரிந்து தலை வலித்தால் பித்தம்தான், தினமும் ஒரு பாராசிட்டமால் போடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள், இது தவறு, தயவுசெய்து திருத்துங்கள். என் அக்காவுக்குப் பேப்பர் படிக்கும்போதே பாதி எழுத்து மறைந்து, கோணல்மாணலாக ஒரு வெளிச்சக் கோடு மெல்லப் பெரிதாகும், அப்புறம் விரல் நுனியில் தொடங்கிய மரமரப்பு உதடு வரை ஏறும். ஒற்றைத் தலைவலிக்கு முன் வருகிற 'ஆரா' என்கிற முன்னறிகுறி அது, பெரும்பாலும் 5 முதல் 60 நிமிடத்தில் அடங்கிவிடும். ஆனால் முதல் தடவை வந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மாதத்தில் 15 நாளுக்கு மேல் பாராசிட்டமால் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். திடீரென்று ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகிற வலி, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, இதில் எது வந்தாலும் உடனே 108 கூப்பிடுங்கள்.